தர்மராஜா எதற்காக உட்கார்ந்தார்?

போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கத்து ஊர்களில் கோடை வந்தால் பாரதமும் வந்துவிடும். பகலில் பிரசங்கம், ராத்திரியில் தெருக்கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம். களிமண்ணால் துரியோதனனை மல்லாக்கப் படுக்கவைத்திருப்பார்கள். வீமன் வேடம் கட்டியவர் அவன் தொடையில் அடிக்க, பாஞ்சாலி விரித்த கூந்தலை முடிந்துகொள்வாள். பிறகு தீமிதி. இதில் கூட்டம் கலையாமல் உட்கார்ந்திருக்கும் இரவுகளில் ஒன்று, தர்மர் சூதில் தோற்றுப் பாஞ்சாலியின் துகில் உரியப்படும் 'சூது துகில்'. பல ஊர்களில் இது நடக்கும் கோயிலுக்கே தர்மராஜா கோயில் என்றுதான் பெயர். யோசித்துப் பார்த்தால் விசித்திரம். நாட்டையும் தம்பிகளையும் தன்னையும் மனைவியையும் பந்தயம் வைத்துத் தோற்ற ஒருவருக்குக் கோயில் கட்டி, அவர் தோற்ற கதையை அவர் வாசலிலேயே நடித்துக் காட்டுகிற ஊர்கள் இவை.

நெடுஞ்சாலையைப் பிடித்து ஓசூர் வந்தால் அதே கதை வேறு வேடத்தில் நடக்கிறது. மூக்கண்டப்பள்ளி சிப்காட் தொழிற்பேட்டை பக்கத்து டீக்கடைகளில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும். கொஞ்ச தூரத்தில் ஜூஜூவாடி, அதைத் தாண்டினால் கர்நாடகம். மூன்று மொழிக்காரர்களுக்கும் பொதுவாக இப்போது நான்காவதாக ஒரு பேச்சு வந்திருக்கிறது, பங்குச் சந்தையின் பேச்சு: கால், புட், லாட், பிரீமியம், எக்ஸ்பயரி. காலை 9.15க்குச் சந்தை திறக்கிறது. செகண்ட் ஷிஃப்டுக்கு இரண்டு மணிக்குப் போக வேண்டியவருக்கு அது ஓய்ந்திருக்கும் நேரம். நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவருக்கு அது தூங்க வேண்டிய நேரம்.

ஒரு நாளை அருகில் போய்ப் பார்க்கலாம். 2024 நவம்பரில் வந்த புது விதிகளுக்குப் பிறகு நிஃப்டி குறியீட்டின் ஏற்ற இறக்கத்தின் மேல் வாங்கும் ஆப்ஷனில் ஒரு லாட், அதாவது ஒரு தொகுப்பு, 75 ஆனது. பிரீமியம் 40 ரூபாய் என்றால் ஒரு லாட்டுக்கு 3,000 ரூபாய். டீக்கடை பெஞ்சில் ஒரு பையன் வாங்குகிறான். பத்து நிமிடத்தில் 40 என்பது 26 ஆகிறது. 1,050 ரூபாய் போயிற்று. இங்கே அவன் வெளியே வந்திருக்கலாம். ஆனால் 26 மலிவாகத் தெரிகிறது, இன்னும் இரண்டு லாட் வாங்குகிறான். மேலும் 3,900 ரூபாய். பதினொன்றரை மணிக்கு விலை 12. போட்டது 6,900, இருப்பது 2,700. டீ ஆறிவிட்டது. "விட்டதை எடுத்துட்டு வெளிய வந்துடறேன்ண்ணா" என்கிறான் பக்கத்தில் இருப்பவரிடம். காலையில் அவன் வந்தது லாபம் பார்க்க. இப்போது உட்கார்ந்திருப்பது விட்டதைப் பிடிக்க. ஆளும் போனும் அதேதான். நோக்கம் மாறிவிட்டது, மாறியது அவனுக்குத் தெரியாது.

ஒப்பந்தத் தொழிலாளி ஒருவருக்கு அந்த 4,200 ரூபாய் ஏறக்குறைய ஒரு வாரக் கூலி.

இப்படிப்பட்டவர்களின் கணக்கைப் பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி எடுத்திருக்கிறது. 2024 செப்டம்பரில் அது வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர், ஆப்ஷன் அடங்கிய எஃப் அண்ட் ஓ பிரிவில் வர்த்தகம் செய்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். தலைக்குச் சராசரியாக 2 லட்சம், எல்லாம் சேர்த்து 1.8 லட்சம் கோடிக்கு மேல். செலவு போக ஒரு லட்சத்துக்கு மேல் சம்பாதித்தவர்கள் ஒரு சதவீதம்தான். 2023-24இல் வர்த்தகம் செய்தவர்களில் 43 சதவீதம் பேர் முப்பது வயதுக்குக் கீழே. முக்கால்வாசிப் பேர் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்கும் குறைவு என்று காட்டியவர்கள். 70 சதவீதத்துக்கும் மேல் பெருநகரப் பட்டியலுக்கு வெளியே உள்ள ஊர்க்காரர்கள். அதாவது ஓசூர், கிருஷ்ணகிரி மாதிரியான ஊர்கள்தான் இந்தக் களத்தின் காலாட்படை. இந்தச் சித்திரத்தில் மிகவும் யோசிக்க வைக்கும் எண் வேறு: தொடர்ந்து இரண்டு ஆண்டு நஷ்டப்பட்டவர்களில் நான்கில் மூன்று பேர் மூன்றாம் ஆண்டும் வந்து உட்கார்ந்தார்கள்.

வள்ளுவர் சூதைப் பற்றிப் பேசும் அதிகாரம் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவில் இருக்கிறது. அந்த இடமே ஒரு நோய்க்குறிப்பு. இழக்க இழக்க ஆசை கூடுகிற விஷயம் அது என்கிறார். உயிர் உடம்பின் மேல் வைத்திருக்கும் ஆசைக்கே அதை உவமையாக்குகிறார். செபிக்கு அதைச் சொல்ல ஒரு கோடிப் பேருடைய கணக்கு தேவைப்பட்டது. ஆனால் அதே பொருட்பாலில்தான் பொருள் செயல்வகையும் இருக்கிறது. பணம் சேர்க்கச் சொன்னவரும் அவர்தான். பணம் வேண்டுமா வேண்டாமா என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. எந்த வழியில், எந்த மனத்தோடு என்பதில்தான் அவர் கறார்.

தர்மருக்கு வருவோம். அவர் ஏன் ஆட உட்கார்ந்தார்? கூத்தில் வழக்கமாக வரும் பதில் எல்லோருக்கும் தெரியும்: அழைத்தால் மறுக்கக்கூடாது என்பது க்ஷத்திரிய விரதம், பெரியப்பா சொல்லைத் தட்டக்கூடாது, எல்லாம் விதி. வியாசரின் சபா பருவத்திலும் தர்மர் இந்தக் காரணங்களைத்தான் சொல்கிறார். ஆனால் வனபர்வத்தில் வேறொரு பதில் இருக்கிறது. காட்டில் வீமன் நெஞ்சில் குத்துவதுபோல் பேசுகிறான். தர்மர் கோபப்படவில்லை, ஒத்துக்கொள்கிறார். துரியோதனனிடமிருந்து அவன் நாட்டைப் பிடுங்கும் எண்ணத்தோடுதான் நான் காயைக் கையில் எடுத்தேன் என்கிறார். சகுனி நினைத்தபடியெல்லாம் காய் விழுவதைப் பார்த்தபோதே என்னை அடக்கிக்கொண்டிருக்க முடியும், ஆனால் கோபம் மனிதனின் நிதானத்தைக் கொன்றுவிடுகிறது என்கிறார்.

இந்த இரண்டு வாக்கியங்களில் வர்த்தக உளவியலின் பாதி அடங்கிவிடுகிறது. முதலாவது, வெளியே சொன்ன காரணமும் உள்ளே இருந்த காரணமும் வேறு. இரண்டாவது, தொடங்கிவைத்தது பேராசை, தொடரவைத்தது கோபம். டேனியல் கானமனும் ஏமாஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதிய ஆய்வு பின்பாதியைக் கணக்காக்கியது. நூறு ரூபாய் கிடைக்கும் மகிழ்ச்சியைவிட நூறு ரூபாய் போகும் வலி மனிதருக்குப் பெரிது. அதைவிட முக்கியமானது, லாபத்தில் இருக்கும்போது பத்திரம் தேடுகிற அதே மனிதர் நஷ்டத்தில் விழுந்ததும் துணிந்து பெரிதாகச் சூதாடுகிறார் என்பது. 40 ரூபாய்க்கு ஒரு லாட் வாங்கியவன் 26 ரூபாய்க்கு இரண்டு வாங்கியது அதனால்தான். தர்மர் முத்திலும் பொன்னிலும் ஆரம்பித்துத் தம்பிகளில் போய் நின்றதும் அதனால்தான். சகுனி அந்த இடத்தில் ஒரு குத்தல் பேச்சு பேசுவான்: மாத்ரி பிள்ளைகளை வைத்துவிட்டாய், வீமனும் அர்ச்சுனனும் மட்டும் உனக்கு உசத்தியோ? தோற்றுக்கொண்டிருப்பவனைச் சீண்டினால் பந்தயம் ஏறும் என்று அவனுக்கு எந்த ஆய்வும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஆட்டம் நேர்மையானதல்ல என்பதும் தர்மருக்குத் தெரியாததல்ல. பந்தயப் பொருள் நான் தருகிறேன், எனக்காக மாமா ஆடுவார் என்று துரியோதனன் சொன்னபோது, ஒருவருக்காக இன்னொருவர் ஆடுவது முறையல்ல என்று சொல்லிவிட்டுத்தான் அவர் உட்கார்ந்தார். இன்று வர்த்தகச் செயலியைத் திறந்தால் பத்தில் ஒன்பது பேர் நஷ்டப்படுகிறார்கள் என்ற அறிவிப்பு வரும். 2023இல் செபி கட்டாயமாக்கியது அது. படித்ததாக ஒப்புக்கொண்டு ஒரு தட்டு தட்டினால்தான் உள்ளே போக முடியும். தட்டிவிட்டு எல்லோரும் உள்ளே போகிறார்கள். எதிரில் இருப்பது யார்? 2023-24இல் எஃப் அண்ட் ஓவில் வெளிநாட்டு நிறுவனங்களும் சொந்தக் கணக்கில் வர்த்தகம் செய்யும் நிறுவனங்களும் ஈட்டிய லாபத்தில் 95 சதவீதத்துக்கு மேல் கணினி நிரல்கள் செய்த வர்த்தகத்திலிருந்து வந்தது. 2025 ஜூலையில் ஜேன் ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க நிறுவனம், ஒப்பந்தம் முடியும் எக்ஸ்பயரி நாட்களில் பேங்க் நிஃப்டி குறியீட்டை வளைத்ததாகச் சொல்லி 4,843 கோடி ரூபாயைச் செபி முடக்கியது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்து மேல்முறையீட்டுக்குப் போனது. வழக்கு எப்படி முடிந்தாலும் சரி, டீக்கடை பெஞ்சில் இருப்பவன் எதிரே காய் உருட்டுவது ஒரு இயந்திரம்.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. பங்குச் சந்தை சூதாட்டம் அல்ல, முதலீடு. எல்லாவற்றையும் சகுனியின் பலகையாகப் பார்ப்பது தவறு. சரிதான். தமிழ்நாடு 1968இல் லாட்டரியை அரசே தொடங்கி 2003இல் தடை செய்தது. பிறகு ஆன்லைன் சூதாட்டத்துக்கும் சட்டம் கொண்டுவந்தது. பங்குச் சந்தையை அந்த வரிசையில் யாரும் வைக்கவில்லை, வைக்கவும் கூடாது. ரிஸ்க் என்பதே பாவம் என்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சொன்னால் சிரிப்பார்கள். ராயக்கோட்டைத் தக்காளிக்காரருக்கு விலை 2023 ஜூலையில் ஆகாயத்தில் இருந்தது. வேறு பருவங்களில் பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாமல் செடியிலேயே விட்டிருக்கிறார். மாந்தோப்புக்காரர் பூப்பிடிக்கும்போதே தோப்பைக் குத்தகைக்கு விடுகிறார். காய்க்குமா, பெங்களூரா மாங்காய்க்குக் கூழ் ஆலை என்ன விலை தரும் என்ற கவலையை ஒரு தொகைக்கு வியாபாரி தலையில் இறக்கி வைக்கிறார். ஆப்ஷனும் ஃபியூச்சரும் பிறந்தது இதற்காகத்தான்: ரிஸ்க் வேண்டாம் என்பவர் அதைத் தாங்கக்கூடியவரிடம் கைமாற்றுவதற்கு. தோப்பே இல்லாதவர் பூவுக்குப் பந்தயம் கட்டும்போதுதான் பெயர் மாறுகிறது.

நோக்கத்தை விளைவால் அளக்கலாமா என்பது அடுத்த கேள்வி. ஓசூரில் அதற்கு ஒரு நல்ல சாட்சியம் இருக்கிறது. 1984இல் டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின, ஆலை ஓசூரில் வந்தது. அரசு போட்ட பணத்தின் நோக்கம் பங்கு விலை அல்ல. எல்லையோரத்து வறண்ட பூமிக்கு ஒரு தொழில் வர வேண்டும், உள்ளூர்ப் பிள்ளைகள் கைக்கடிகாரம் பூட்டக் கற்க வேண்டும் என்பதுதான். இன்றும் டிட்கோவிடம் டைட்டனில் சுமார் 28 சதவீதப் பங்கு இருக்கிறது, டாடா சன்ஸிடம் இருப்பதைவிடக் கூடுதல். முதலீட்டாளர் ராகேஷ் ஜுன்ஜுன்வாலா இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் அற்ப விலைக்கு வாங்கிய டைட்டன் பங்கு அவரைப் பெரும் செல்வராக்கியது நாடறிந்த கதை.

'நம்ம ஊர் கம்பெனி' என்ற பாசம் போச்சம்பள்ளியிலும் வேலை செய்தது. அங்கே ஆலை வைத்திருக்கும் ஓலா எலக்ட்ரிக் 2024 ஆகஸ்டில் 76 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. அதே மாதத்தில் 157 வரை போயிற்று. மறு ஆண்டு 50க்கும் கீழே வந்தது. டைட்டனை வைத்திருந்தவர் ஞானியும் அல்ல, ஓலாவை வாங்கியவர் மூடரும் அல்ல. ஒரே காரணத்துக்காக இரண்டையும் வாங்கிய ஒருவருக்கு ஒன்று தங்கமாகவும் ஒன்று தகரமாகவும் முடிந்திருக்கலாம். லாபம் வந்ததால் காரணம் சரி என்று ஆகிவிடாது. சொல்லப்போனால், தவறான காரணத்துக்கு முதல் தடவையே லாபம் கிடைப்பதுதான் ஆபத்து. தூண்டிலில் இருக்கும் இரையை விழுங்கிய மீன் என்று வள்ளுவர் சொன்னது தோற்றவனை அல்ல, ஜெயித்தவனை.

இந்த இடத்தில் கீதையை இழுக்காத பங்குச் சந்தைப் பயிற்சி வகுப்பு கிடையாது. பலனைப் பார்க்காதே, செயலைப் பார். ஸ்டாப்லாஸ் போடு (இவ்வளவு போனால் விற்றுவிடு என்ற வரம்பு), ரூல்ஸைப் பின்பற்று, லாபம் தானாக வரும். ஸ்டாப்லாஸ் நல்லதுதான். ஆனால் லாபம் வருவதற்காகவே லாபத்தின் மேல் பற்றை விடுகிறேன் என்பது பற்றின்மை அல்ல, ஆசை போட்டுக்கொண்ட காவி. கீதை கேட்பது கடினமான ஒன்று: பலன் வராவிட்டாலும் இந்த வேலையைச் செய்வாயா? பங்கின் ஆண்டறிக்கையைப் படிப்பதிலும், ஒரு தொழில் எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்வதிலும் நிஜமாகவே ருசி உள்ளவர் ஆம் என்று சொல்லலாம். எக்ஸ்பயரி நாளன்று பேங்க் நிஃப்டி நூறு புள்ளி எந்தப் பக்கம் போகும் என்று பார்ப்பதில் அப்படி என்ன ருசி?

எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர் 1971இல் கல்லூரி மாணவர்களிடம் ஒரு கட்டைப் புதிரைக் கொடுத்தார். ஒரு பிரிவுக்குப் புதிர் ஒன்றுக்கு இவ்வளவு என்று காசு, இன்னொரு பிரிவுக்குக் காசே இல்லை. காசு நின்றபின் காசு வாங்கியவர்களுக்குப் புதிரில் இருந்த ஆர்வம் குறைந்தது. பிற்பாடு அவரும் ரிச்சர்ட் ரையனும் சேர்ந்து, மனிதருடைய ஆரோக்கியமான உந்துதலுக்கு மூன்று வேர்கள் என்றார்கள்: தன் விருப்பத்தால் செய்கிறேன் என்ற உணர்வு, கை தேர்கிறது என்ற உணர்வு, மனிதரோடு பிணைப்பு. சிப்காட் லைனில் எட்டு மணி நேரம் ஒரே போல்ட்டை முடுக்குபவருக்கு இந்த மூன்றும் எவ்வளவு கிடைக்கிறது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் இளைஞர்களைத் திட்டுவது நியாயமில்லை. மேஸ்திரி இல்லாமல் தானே முடிவெடுக்கிறோம் என்ற உணர்வைப் போன் கொடுக்கிறது. கற்றுத் தேறுகிறோம் என்ற பிரமையைச் சார்ட் கொடுக்கிறது. டெலிகிராம் குழு கூட்டாளிகளைக் கொடுக்கிறது. பணத்தைவிட இதுதான் பலரை உட்காரவைக்கிறது என்று நினைக்க இடமிருக்கிறது. அப்படியானால் நஷ்டக் கணக்கைக் காட்டினாலும் அவர் எழுந்திருக்க மாட்டார். அவர் வந்தது பணத்துக்காக அல்லவே.

மதங்கள் சூதையும் பொருளாசையையும் பல விதமாகக் கையாண்டிருக்கின்றன. இஸ்லாம் சூதை மைசிர் என்று விலக்கி, தொழிலில் பங்கு கொள்வதை அனுமதிக்கிறது. வட்டித் தொழிலும் மதுவும் சேராத பங்குகளுக்கென்று ஷரியா குறியீடே தேசியப் பங்குச் சந்தையில் உண்டு. சமணம் இல்லறத்தாருக்குச் சொன்ன விரதம் இன்னும் நுட்பமானது. இவ்வளவுக்கு மேல் வேண்டாம் என்ற எல்லையைச் சம்பாதிக்கத் தொடங்கும் முன்பே குறித்துக்கொள்ள வேண்டும். ஸ்டாப்லாஸ் தெரிந்த அளவுக்கு நம்மவர்களுக்கு இந்த எல்லை தெரியாது. எவ்வளவு போனால் நிறுத்துவாய் என்று கேட்டால் பதில் சொல்வார்கள். எவ்வளவு வந்தால் நிறுத்துவாய் என்று கேட்டால் முழிப்பார்கள்.

பாரதத்துக்குள்ளேயே ஒரு வியாபாரி குரு இருக்கிறார். சாந்தி பருவத்தில் வரும் துலாதாரர், காசியில் கடை வைத்திருப்பவர். தலைமுடியில் குருவி கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும்வரை அசையாமல் தவம் நின்ற ஜாஜலி என்ற முனிவர், பெருமை தலைக்கேறியபோது இவரிடம் பாடம் கேட்க அனுப்பப்படுகிறார். துலாதாரர் காட்டுவது தன் தராசை: யார் வந்தாலும் தட்டு ஒரே மாதிரி நிற்கும். வியாபாரத்தை விட்டு ஓடு என்று அவர் சொல்லவில்லை.

கூத்துப் பந்தலில் பெண்கள் பக்கம் அழுகைச் சத்தம் கேட்பது பாஞ்சாலி சபையில் கேள்வி கேட்கும்போது. என் கணவர் தன்னை முதலில் தோற்றாரா, என்னை முதலில் தோற்றாரா? தன்னையே இழந்தவருக்கு என்னைப் பந்தயம் வைக்க என்ன உரிமை? வீட்டுமர் உள்ளிட்ட பெரியவர்கள் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. பர்சனல் லோன் எடுத்து ஆப்ஷனில் போட்டவன் வீட்டிலும், அடகுக்கடைக்குப் போன தாலிச் செயின் திரும்பாத வீட்டிலும் இன்றைக்குக் கேட்கப்படுவது இதே கேள்விதான். ஆரோக்கியமான நோக்கம் எது என்று அளக்க உளவியல் அளவுகோல் வேண்டியதில்லை. போட்ட தொகையை வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடிகிறதா? முடியவில்லை என்றால் அந்தப் பணம் தவறான நோக்கத்தோடு போயிருக்கிறது.

தர்மர் அதோடு முடிந்துபோகவில்லை. காட்டில் பிருகதசுவர் என்ற முனிவர் அவருக்கு நளன் கதையைச் சொல்கிறார். நளனும் சூதில் நாட்டை இழந்தவர். ருதுபர்ண மன்னனுக்குத் தேரோட்டியாக இருந்தபோது, ஒரு தான்றி மரத்தில் எத்தனை இலை, எத்தனை காய் என்று மன்னன் பார்த்த மாத்திரத்தில் சொல்ல, நளன் தேரை நிறுத்தி எண்ணிச் சரிபார்க்கிறார். தன் குதிரை வித்தையைக் கொடுத்து அந்தக் கணக்கு வித்தையை வாங்குகிறார். அது கைவந்ததும் அவரைப் பீடித்திருந்த கலி வெளியேறுகிறான். பிறகு தம்பி புஷ்கரனை ஒரே ஆட்டத்தில் வென்று, பழிவாங்காமல் அவன் பங்கை அவனுக்கே விடுகிறார். கதையைச் சொல்லிவிட்டு முனிவர் தர்மருக்கும் அந்த வித்தையைக் கற்றுத்தருகிறார். பதின்மூன்றாம் ஆண்டில் விராடன் அரண்மனையில் தர்மர் எடுத்த வேடம் என்ன? கங்கன், மன்னனோடு காய் உருட்டும் துணைவன். எந்தக் காய் அவரைக் காட்டுக்கு அனுப்பியதோ அதையே தினமும் உருட்டி ஒரு வருடம் பிழைத்தார். பிடுங்க வேண்டிய நாடு எதுவும் எதிரில் இல்லை, காட்ட வேண்டிய வீரமும் இல்லை.

ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜிதான் பாரதத்தை வியாசர் விருந்தாகத் தமிழர் வீடுகளுக்குக் கொண்டுபோனவர். இந்த மண்ணுக்குப் பாரதம் புதிதல்ல. ஆனால் சூது துகில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று போகும் கூத்து வரிசையில் வனபர்வத்து ஒப்புதலுக்கென்று ஓர் இரவு இல்லை. அது முழு ராத்திரிக்குத் தாங்காது, சண்டையும் இல்லை, பாட்டுக்கு இடமும் குறைவு. பகல் பிரசங்கத்துக்குத் தாங்கும். இந்த வருஷம் பாரதம் வைக்கும் ஊர்க்காரர்கள் பிரசங்கியாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்கட்டும். சூது துகிலுக்கு அடுத்த நாள், எதற்காக உட்கார்ந்தேன் என்று தர்மர் வீமனிடம் சொன்ன பகுதியை அவர் படிக்க வேண்டும். படிக்கிற நேரம் மூன்றரைக்கு மேல் இருக்கட்டும். சந்தை அப்போதுதான் மூடும்.